கதவு நிலைக்குள் போன கட்டைவிரல்

ராத்தாவின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் எங்கள் வீட்டு முன்கதவு நிலையில் கறையான் ஏறியது. நிலத்திலிருந்து இரண்டு சாண் உயரத்துக்கு, பென்சில் தடிப்பில் ஒரு மண்கோடு. முதலில் கண்டது நான்தான். ராத்தா என் அக்கா, எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு அவளுக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். பெற்றோர் பின்வளவில் சிறிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அதற்கு முன் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒரு நாள் வந்து வீட்டைப் பார்ப்பார்கள். பார்ப்பது என்றால் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடுவதுவரை பார்ப்பது. அந்த நாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

வாப்பா சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையின் மேற்பார்வையாளர். எலியையும் வண்டையும் விரட்டுவது அங்கே அவரது பொறுப்பு. ஆகவே கறையானுக்கு ஆள் பிடிப்பது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. மண்ணெண்ணெய் ஊற்றினார், கோடு நிலையின் மறுபக்கம் தோன்றியது. உழவு இயந்திரத்தில் கழித்த ஒயிலைக் கொண்டுவந்து பூசினார். வீடு முழுக்கக் கராஜ் மணந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

“ஆலையில எலி புடிச்ச கையாம். இஞ்ச கறையான் சிரிக்குது,” என்றார் உம்மா. “தெரிஞ்ச ஒராளக் கூப்பிடுங்களன்.”

“ஆள் வந்து மெஷினால நிலத்தைக் குடைஞ்சா முழு ஊருக்கும் தெரியும். பொறகு ஆரு இந்த வீட்டுக்கு மாப்புள தாற?”

கடைசியில் வாப்பா மண்கோட்டைச் சுரண்டி, ஓட்டைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மேலே கபில நிறப் பெயின்ட் அடித்தார். நிலை புதிதுபோல மின்னியது. கறையான் அதன்பின் வெளியே தென்படவில்லை. அதை நாங்கள் வெற்றி என்று எடுத்துக்கொண்டோம்.

வீடு பார்க்க ஆறு பெண்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மாவை நாங்கள் அப்போதே மாமி என்று அழைக்கத் தொடங்கியிருந்தோம். குறைந்த பேச்சு, நின்று பார்க்கும் கண். கதிரையிலிருந்து எழும்பும்போது அவர் பிடிமானத்துக்குக் கதவு நிலையைப் பிடித்தார். கட்டைவிரல் நகம் மறையும்வரை உள்ளே போயிற்று. பெயின்ட் மட்டும் தோல்போல நின்றிருந்தது. உள்ளே மரம் இல்லை.

மாமி விரலை எடுத்தார். என்னைப் பார்த்தார். ஒட்டியிருந்த மண்ணை முந்தானைக்குள் துடைத்தார். பிறகு கதிரையை நிலையோடு ஒட்டி நகர்த்தி அதிலேயே மறுபடி இருந்தார். மற்றவர்கள் புறப்படும்வரை எழும்பவில்லை.

“நல்ல காத்து வாற வீடு,” என்று மட்டும் உம்மாவிடம் சொன்னார்.

கல்யாணம் நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. கேற் திறக்கும் சத்தம் கேட்டால் ஓடிப்போய் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை கேற்றைத் திறந்தவர் சொறிக்கல்முனை ஊரிலிருந்து வந்த ஓர் ஆள். மோட்டார் சைக்கிளின் பின்னால் மருந்துத் தாங்கி கட்டியிருந்தது.

“கறையானுக்கு மருந்தடிக்கச் சொன்னாங்க, காக்கா,” என்றார் வாப்பாவிடம், அண்ணன் முறை வைத்து.

“ஆரு சொன்ன? நான் சொல்லல்லயே!”

“அது எனக்குத் தெரியா. வீடு இதுதான். கூலியும் தந்தாச்சு.”

வாப்பா வீதியின் இருபக்கமும் பார்த்துவிட்டு ஆளை அவசரமாக உள்ளே கூட்டிப்போனார். வந்தவர் கதவு நிலைப் பக்கமே போகவில்லை. ஏணி கேட்டு, மணமக்கள் படுக்கும் அறை எதென்று கேட்டு, நேரே ராத்தாவின் அறைக்குப் போய், கூரையைத் தாங்கும் வளை மரத்தை ஸ்க்ரூ ட்ரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். மணக்கட்டில் போட இருந்த இடத்துக்கு நேர்மேலே சத்தம் மாறியது, அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல. ஸ்க்ரூ ட்ரைவரைத் திருப்பி முனையால் அழுத்தினார். பிடிவரை இறங்கிற்று.

“கீழ அடைச்சுப் பூசினீங்களா, காக்கா?”

“ஓம்.”

“அதான். வெளிய வாற வழிய அடைச்சா உள்ளுக்கால மேல போகும். நிலையில ஒரு கோடெண்டா சரி, நீங்களும் பாக்கலாம். துடைச்சும் திரும்பி வந்தா அது நிலத்துக்குள்ள இருந்து வாறது. அதுக்குப் பொறகு வீட்டாள் கை வைக்கப்படா.”

 வந்தவர் இறங்கும்வரை வாப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முன்படிக்குக் கீழே, கொங்கிரீட் போட்டபோது எடுக்காமல் விட்ட பலகைகள் உக்கிக் கிடந்தன. கறையானின் வாசல் அதுதான். மருந்தடிக்க வந்தவர் அவற்றை அகற்றி, சுவரோரமாகத் துளையிட்டு மருந்து இறக்கினார். தச்சர் வந்து வளையையும் நிலையையும் மாற்றினார். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ஆலை முதலாளிதான் ஆள் அனுப்பியிருக்கிறார் என்று வாப்பா முடிவுகட்டி, போய் நன்றி சொன்னார். நினைவில்லாத உதவிக்கு நன்றி பெறுகிறவர்போல முதலாளியும் தலையாட்டினாராம்.

பல வருடங்களுக்குப் பிறகு, என் கல்யாணத்துக்கு எனக்குத் தந்த வீட்டின் சமையலறை நிலையில் மண்கோடு கண்டேன். துடைத்தேன். மறுவாரம் திரும்பி வந்தது. அன்றே அதே ஆளைக் கூப்பிட்டேன். மருந்தைக் கலக்கிக்கொண்டே அவர் சொன்னார்: “அண்டைக்கு உங்கட ராத்தாட மாமிதான் அனுப்பின. அவங்கட வீட்டு வளை ஒருக்கா முறிஞ்சு விழுந்தது. புள்ளையள் படுக்கிற அறைய முதல் பாரு, எண்ட பேரச் சொல்லாத எண்டாங்க.”

மாமி இப்போதும் ராத்தா வீட்டுக்கு வந்தால் அந்த நிலையருகேதான் இருப்பார். சலாம் சொல்லிக் கையைப் பிடித்தால், அந்தக் கட்டைவிரலை நான் உடனே விடுவதில்லை.

ஒன்பது வயதில் கணக்கு வேறாக இருந்தது. வாய் திறக்காமல் இருந்து ராத்தாவின் கல்யாணத்தைக் காப்பாற்றியது நான்தான் என்று உறுதியாக நம்பினேன். கல்யாணத்தன்று மாமி என்னைத் தேடி வந்து கையில் இரண்டு துண்டு மஸ்கட் இனிப்பை வைத்தபோது, அதற்கான பரிசு என்றே வாங்கித் தின்றேன்.