பூட்டுக்காரர் வீட்டுச் சாவி

என் அத்தானுக்குப் பூட்டு திறக்கும் தொழில். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் முழிப்பவர்கள் போன் செய்வார்கள். அத்தான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அக்காவைக் கட்டிக்கொண்ட புதிதில் அவரைப் போல வாயாடி கிடையாது. ஒரு பூட்டைத் திறந்து முடிப்பதற்குள் அந்த வீட்டின் பாதிக் கதையைக் கறந்துகொண்டு வந்து எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். இப்போது அதே மனிதர், நான் போய்க் கதவைத் தட்டினால், என் குரலைக் கேட்ட பிறகும் கதவிலுள்ள கண்ணாடித் துளை வழியாகக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுத்தான் திறக்கிறார். கொழுந்தியாள் வேஷத்தில் எவனாவது வந்துவிட்டால்?

அவரை இப்படி ஆக்கியது ஒரு மத்தியான வேலை. மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் நின்றுகொண்டு, "சாவிய ஆபீஸ்லயே விட்டுட்டேங்க, கொஞ்சம் தொறந்து குடுங்க" என்றாராம். அத்தான் திறந்து கொடுத்தார். அந்த ஆள் உள்ளே போய் ஃப்ரிட்ஜிலிருந்து ஜில்லென்று தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார். அதையும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார் இவர். வெளியூர் போயிருந்த நிஜமான வீட்டுக்காரர் திரும்பி வந்து பார்த்தபோது பீரோ காலி. போலீஸ் ஸ்டேஷனில் அத்தானை உட்காரவைத்து, "அவன் உன் கூட்டாளிதானே?" என்று பொழுது சாயும்வரை மாற்றி மாற்றிக் கேட்டார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். ஆனால் குடித்த தண்ணீர் இன்னும் அவருக்கு இறங்கவில்லை.

அதிலிருந்து, கூப்பிட்டவரை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்காமல் பூட்டில் கை வைக்கமாட்டார். "கதவைத் தொறந்ததும் என்ன தெரியும்? ஜன்னல் திரை என்ன நிறம்?" பதில் சொல்லத் திணறினால் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார். இதில் நான் குற்றம் சொல்லமாட்டேன். தொழிலில் அடிபட்டவர், எச்சரிக்கையாக இருக்கட்டும்.

தொழிலோடு விட்டிருக்கலாம். திருட்டு நடந்த வீடுகளுக்குப் புதுப் பூட்டு மாட்டுவதும் அவர்தானே? உடைந்த கதவையும் அழுகிற பெண்களையுமே தினம் பார்க்கிறவருக்கு, எதுவும் களவு போகாத ஆயிரம் வீடுகள் கண்ணில் படவே இல்லை. அவர்கள் குடியிருக்கும் தெருவும் அதற்கு ஒத்து ஊதியது. தெருவிளக்கு எரிந்து பல மாதமாகிறது. எதிரே ஒரு வீடு ஆளில்லாமல் ஜன்னல் உடைந்து கிடக்கிறது. பழைய குடித்தனக்காரர்கள் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களின் முகம் ஒருவருக்கொருவர் தெரியாது. தெருக்காரர்களின் செல்போன் குழுவிலோ எந்த ஊரிலோ நடந்த கொள்ளையின் படங்கள் வந்து கொட்டும். அத்தான் ஒன்று விடாமல் பார்த்துவிட்டு, மாடிக்குக் குடிவந்த பெண்ணின் புருஷன் கண்ட நேரத்தில் வீடு திரும்புவதைப் பற்றி அக்காவிடம் துப்புத் துலக்குவார்.

கடைசியில் வீட்டு வாசலில் அந்தப் பூட்டு வந்தது. வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் சாவி போட்டால்தான் திறக்கும். பக்கத்து ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் கையை நுழைக்கிறவனால் திறக்க முடியாதாம். சாவி ஒன்றே ஒன்று, அது அத்தானின் இடுப்பில். "உங்க அக்கா யார் சிரிச்சுப் பேசினாலும் கதவத் தொறந்துடுவா. அவ நல்லதுக்குத்தான்" என்றார் என்னிடம். காலையில் அவர் பூட்டிக்கொண்டு போனால், சாயங்காலம் திரும்பும்வரை அக்கா உள்ளே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காதான் என் வாயை அடக்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அங்கே இருந்தபோது கதவை யாரோ படபடவென்று இடித்தார்கள். அத்தான் துளை வழியாகப் பார்த்துவிட்டுத் திறந்தார். மாடிவீட்டுப் பெண், தோளில் ஈரத்துணியோடு நின்றாள்.

"அண்ணா, துணி காயப்போட வெளிய வந்தேன், காத்துல கதவு சாத்திக்கிச்சு. கொழந்த உள்ள தூங்குது. அடுப்புல பால் வெச்சிருக்கேன். சீக்கிரம் வாங்கண்ணா!"

அத்தான் பையை எடுத்தார். படியில் காலும் வைத்தார். பிறகு நின்றுவிட்டார்.

"ஜன்னல் திரை என்ன நிறம்?"

அவள் வாயைப் பிளந்தாள். "திரையா? நீலம்... இல்ல, அது பழைய வீட்டுல. ஐயோ, இப்பத்தான் குடிவந்தோம், ஞாபகம் இல்லண்ணா!"

"சொந்த வீட்டுத் திரை தெரியாதா?" அத்தானின் முகம் இறுகிப்போனது. "உன் வீட்டுக்காரருக்கு போன் போடு. அவர் வரட்டும்."

"நீங்கெல்லாம் மனுஷனா?" என்று நான் கத்தினேன். மேலேயிருந்து தீய்ந்த வாடை இறங்கி வந்தது. அந்தப் பெண் அவர் காலைப் பிடிக்கக் குனிந்தாள்.

"பச்சைங்க" என்றாள் அக்கா, என் பின்னாலிருந்து. "பச்சைத் திரை. ஓரத்துல மஞ்சத் துணி ஒட்டுப் போட்டிருக்கும். கதவுக்குப் பக்கத்துல தொட்டில். போங்க, தொறங்க!"

அத்தான் ஓடினார். கண்மூடித் திறப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரே புகை. பால் பாத்திரம் கரியாகிக் கிடந்தது. நான் பாய்ந்து அடுப்பை அணைத்தேன். தாய் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அது இருமி இருமி, பிறகு வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும்தான் எங்களுக்கு உயிர் வந்தது. அத்தான் மட்டும் குழந்தையைப் பார்க்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைத் திரை, மஞ்சள் ஒட்டு.

கீழே வந்ததும் கேட்டார். "நீ எப்ப மேல போன?"

அக்கா அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அத்தான் அதைத் திருப்பிப் பார்த்தார். "இது கடைத்தெருச் சாவிக்காரன் வெட்டினது. அசல் எப்படிக் கெடைச்சுது அவனுக்கு?"

"நீங்க குளிக்கும்போது சோப்புல அச்சு எடுத்தேன். திருடங்க இப்படித்தான் எடுப்பாங்கன்னு நீங்கதானே சொல்லி எச்சரிச்சீங்க?"

அந்தச் சோப்பைக் கைப்பையில் கொண்டுபோனது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பேன். கடைத்தெருக்காரன் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வெட்டிக் கொடுத்தான் என்பதையும் சேர்த்து.

"தனியா வெளிய போறியே, பயமா இல்லையா உனக்கு?" என்றார்.

"பயம்தாங்க. காலைல நீங்க வெளிய நின்னு சாவியத் திருப்புவீங்களே, அந்தச் சத்தத்துக்குத்தான் பயம். எந்தத் திருடனும் என்னை அப்படிப் பயமுறுத்தினதில்ல."

எனக்குக் கண் கலங்கியது. இனியாவது இந்த மனிதர் எதையாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அக்காவை உற்றுப் பார்த்தார். வாசலில் நிற்கும் முன்பின் தெரியாதவர்களைப் பார்க்கும் அதே பார்வை.

"இன்னொரு காப்பி யார்கிட்ட இருக்கு?" என்றார்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, குழந்தையைப் பார்க்க மாடிக்குப் போனாள்.