அக்காவும் மூன்றாம் தீர்மானமும்

அக்கா மறைந்து ஓர் ஆண்டு நிறையும் இந்த நாளில் வீடு தேடி வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவோடு தையல் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கும், பள்ளிக்கூடத்துப் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அக்காவின் கணவர், எங்கள் மாமா, கேட்டார். "நல்லதா நாலு வார்த்தை எழுதிப்போடு மாப்ள" என்றார். இருபத்தாறு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அக்காவைப் பற்றிய பக்கங்களை எடுத்துப் படித்தேன். பாதிக்கு மேல் நான் அவர்மீது எரிச்சலோடு இருந்த நாட்கள். அவற்றைத் தள்ளிவிட்டு எழுதினால் இது வேறு யாரைப் பற்றியோ எழுதிய கட்டுரையாகிவிடும். அதனால் உள்ளபடியே எழுதுகிறேன்.

அக்கா பவானியில், அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தார். அப்பாவுக்குச் சிங்காநல்லூரில் மில் வேலை. மில்லை மூடியபோது அக்கா பத்தாம் வகுப்பு, நான் ஆறாம் வகுப்பு. பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் அப்பாவின் ஊருக்கே திரும்பி வந்தோம். கணக்கில் அக்காதான் வகுப்பில் முதல். ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மறுவாரமே தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அதை அவர் ஒருமுறையும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் கழித்து மகள் பிறந்தாள். அவளை உள்ளூர் அரசு நடுநிலைப் பள்ளியில் சேர்த்தார். தனியார் பள்ளி வேன் வாசலுக்கே வரும்போது ஏன் இப்படி என்று, இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் நான்கு பேராவது நேரில் வந்து கேட்டீர்கள். அக்கா எல்லோருக்கும் காப்பி மட்டும் கொடுத்து அனுப்பினார்.

மகள் ஆறாம் வகுப்புக்குப் போன ஆண்டில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அக்காவைத் தலைவராக்கினார்கள். அரசுப் பள்ளியை அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்களே கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட குழு அது. உறுப்பினர்கள் இருபது பேர். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்குக் கூட்டம். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் வீட்டில் இருப்பவர்கள் கைக்குழந்தைகளும் மாடுகளும்தான். மற்றவர்களெல்லாம் கம்பெனியில் இருப்பார்கள். ஆகவே கூட்டம் நடக்காது. கூட்டம் நடந்ததாகத் தீர்மானப் புத்தகம் மட்டும் வீடு வீடாகப் போகும். தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு.

அந்தத் தீர்மானங்களை எழுதியவன் நான். முன்னாள் மாணவன் என்ற முறையில் நானும் குழுவில் இருந்தேன். தொழிற்பேட்டையில் ஸ்டோர் கிளார்க் வேலை என்பதால் கையெழுத்து ஒழுங்காக இருக்கும். தலைமையாசிரியை அதைப் புகழ்வார், எனக்கும் அது பிடித்திருந்தது. போன மாதத்துப் பக்கத்தைப் பார்த்து இந்த மாதத்துக்கு எழுதிவிடுவேன். அதில் மூன்றாம் தீர்மானம் எப்போதும் ஒன்றே: அனைத்துப் பாடங்களும் உரிய ஆசிரியர்களால் தடையின்றிக் கற்பிக்கப்படுவது குறித்துக் குழு மனநிறைவு தெரிவிக்கிறது.

மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அக்கா அவளுடைய கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தார். ஜூலை மாதத்தோடு நின்றிருந்தது. இரண்டாவது நோட்டைத் தொலைத்துவிட்டாள் என்று நினைத்து அவளைத் திட்டினார். "அதுக்கப்புறம் கணக்கே நடத்தலீம்மா" என்று அவள் அழுதாள். கணக்கு ஆசிரியரை மாற்றுப்பணி என்று சொல்லி வேறொரு பள்ளிக்கு அனுப்பி ஐந்து மாதம் ஆகியிருந்தது. பெயர் எங்கள் பள்ளிப் பதிவேட்டில் இருந்தது, ஆள் அங்கே இருந்தார். இதற்குள் ஏழாம் வகுப்பில் ஆறு பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய்விட்டார்கள். பிள்ளைகள் இன்னும் குறைந்தால் அந்தப் பணியிடமே போய்விடும் என்றார்கள்.

ஊருக்கெல்லாம் தெரிந்தது குழுவின் தலைவருக்கும் தெரியவில்லை, எழுதியவனுக்கும் தெரியவில்லை. காலை ஏழே முக்காலுக்கு வேன் ஏறி மாலை ஆறரைக்கு இறங்கினால் என்ன தெரியும் என்று நான் சமாதானம் சொன்னேன். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை.

அரைநாள் விடுப்புப் போட்டு இருவரும் கல்வி அலுவலகத்துக்குப் போனோம். அலுவலர் கோபப்படவில்லை. எங்கள் தீர்மான நகல்களைக் கோப்பிலிருந்து எடுத்து மேசைமேல் பரப்பினார்.

"ஏம்மா, மாசாமாசம் மனநிறைவுன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. இப்ப வந்து வாத்தியார் இல்லைன்னா நான் எதை நம்பறது?"

அக்கா ஒவ்வொரு தாளையும் நிதானமாகப் படித்தார். அவற்றை அவர் படித்தது அதுதான் முதல் தடவை. பிறகு சொன்னார்: "எழுதுனது என்ற தம்பிங்க. கையெழுத்துப் போட்டது நானுங்க. தப்பு ரெண்டு பேருதுமுங்க. அதுக்குப் புள்ளைங்க என்ன பண்ணுமுங்க?"

குழு கூடி முறையாகத் தீர்மானம் போட்டு அனுப்பினால் மேலே எழுதுவதாக அலுவலர் சொன்னார்.

அன்றிலிருந்து அக்கா எல்லோருக்கும் தொல்லையானார். இருபதில் பதினொரு பேர் அக்காவோடு ஒரே கம்பெனி வேனில் போய்வருகிறவர்கள். வேனிலேயே கூட்டத்தை நடத்திவிடலாம் என்றார். பள்ளி வளாகத்துக்குள்தான் கூட வேண்டும் என்றார் தலைமையாசிரியை. அப்படியானால் வேனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று அக்கா கம்பெனி சூப்பர்வைசரிடம் மூன்று நாள் பேசி, மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு வேன் பள்ளி வாசலில் அரைமணி நேரம் நிற்க அனுமதி வாங்கினார். தலைமையாசிரியைக்கு ஏழேகாலுக்குத்தான் அடுத்த பேருந்து. அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. குழுவில் இல்லாதவர்களும் வேனில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அக்காவின் பக்கத்து இருக்கையில் வரும் சரசு குழு உறுப்பினர்தான். அவரே சத்தம் போட்டார்: "ஏனக்கா, நீங்க தீர்மானம் போடுங்க, எங்கூட்டு மாட்டுக்கு ஆரு பால் கறக்கறது?" அக்கா திருப்பிக் கொடுத்தது இங்கே அச்சிடத் தக்கதல்ல.

முதல் கூட்டத்துக்கு முந்தின மாலை எனக்கும் அக்காவுக்கும் சண்டை வந்தது. ஆசிரியரைத் திருப்பி அனுப்பக் கேட்டு ஒரு தீர்மானம் எழுதியிருந்தேன். அக்கா அதற்கு மேலே இன்னொன்று எழுதச் சொன்னார். சென்ற ஐந்து மாதங்களின் மூன்றாம் தீர்மானம் உண்மையல்ல, குழு கூடாமலே எழுதப்பட்டது என்று. தலைமையாசிரியைக்கு விளக்கக் கடிதம் கேட்டு ஓலை வரும், என் பெயர் ஊர் முழுக்க நாறும் என்றேன். கேட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். "வேண்டாங்க்கா, வேற ஆரையாச்சும் வெச்சு எழுதிக்கங்க" என்றேன்.

"நீதான் எழுதோணும் கண்ணு," என்றார். "அந்தக் கையெழுத்தைத்தான் அவங்க இத்தனை நாளும் நம்புனாங்க."

எழுதினேன். அதன்பின் பதினொரு நாள் அக்காவோடு நான் பேசவில்லை. அந்தப் பதினொரு நாட்களும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. இப்போது எண்ணிப் பார்க்கையில் வெட்கமாக இருக்கிறது.

கூட்டத்துக்குப் பதிமூன்று பேர் வந்தார்கள். அக்கா ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்து, புரிந்ததா என்று கேட்ட பிறகே புத்தகத்தை நீட்டினார். தலைமையாசிரியை முதலில் கையெழுத்திட மறுத்தார். தான் இத்தனை மாதமும் அலுவலகத்துக்குப் போனில் சொல்லிக்கொண்டுதான் இருந்ததாகவும், சமாளித்துக்கொள்ளுங்கள் என்ற பதிலே வந்ததாகவும் சொன்னார். அதையும் எழுதச் சொன்னார் அக்கா. எழுதிய பிறகு அவர் கையெழுத்திட்டார். ஓலை வரத்தான் செய்தது, அவர் விளக்கமும் எழுதினார். பொங்கல் கழிந்து கணக்கு ஆசிரியர் வாரத்தில் மூன்று நாள் வந்தார். ஐந்து நாளும் வர வேண்டும் என்று அக்கா மீண்டும் அலைந்தார்.

இனி எழுதப்போவதுதான் எனக்கு ஆறாத எரிச்சல். கல்வி அலுவலகத்துக்காக அக்கா எடுத்த அரைநாள் விடுப்புகள் ஏழு. அதே மாதங்களில் வயிற்றுவலி என்று அவர் சொன்ன நாட்களும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்காக அவர் ஒரு விடுப்பும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவைக்கவில்லை. கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனபோது கட்டி முற்றியிருந்தது. நாற்பத்தெட்டு வயது. கடைசி வாரத்தில் மகளின் எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நடுவில் விட்டுப்போயிருந்த மூன்று நாட்களைக் கண்டுபிடித்து, ஏன் என்று என்னிடம் கேட்டார். ஆசிரியருக்குக் காய்ச்சல் என்றேன். "விசாரிச்சயா?" என்றார். விசாரித்துத்தான் சொல்கிறேன் என்ற பிறகு நோட்டை மூடினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், தீர்மானப் புத்தகம் என் வீட்டுக்கு வந்தது. தலைவர் மறைவுக்குக் குழு கூடி ஒரு நிமிடம் மௌனம் காத்ததாக ஓர் இரங்கல் தீர்மானம் எழுதித் தரும்படி தலைமையாசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். கையெழுத்துகளை வீடு வீடாக வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார். அவர் மரியாதையாகத்தான் செய்தார். ஆனால் பேனாவை எடுத்தவன் கீழே வைத்துவிட்டேன். மறுநாள் காலை வேன் நிற்கும் இடத்துக்குப் போய், வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் இறங்கிக் கூட்டத்துக்கு வரும்படி அக்காவைப் போலவே எல்லோரையும் திட்டினேன்.

பதினான்கு பேர் வந்தார்கள். ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு உள்ளே வந்து நின்றார். ஒரு நிமிடம் நின்றோம். பிறகு நான் எழுதிவைத்திருந்ததை உரக்கப் படித்தேன். 'அனைவரிடமும் இனிமையாகப் பழகியவர்' என்ற இடத்தில் சரசு நிறுத்தினார்.

"ஏனுங் தம்பி, உங்கக்கா இனிமையாவா பழகுச்சு? வேன்ல என்னைய எத்தனை திட்டுத் திட்டுச்சு. மறுக்கா இந்தப் புத்தகத்துல பொய் எழுதோணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சரசு அழுதார். அந்த வரியை அடித்துவிட்டு, 'உறுப்பினர்களைத் திட்டிக் கூட்டத்துக்கு வரவழைத்தவர்' என்று எழுதினேன். 'திட்டி' வேண்டுமா என்று தலைமையாசிரியை தயங்கினார். இருக்கட்டும் என்று பதினான்கு பேரும் சொன்னார்கள். ஒருமனதாக நிறைவேறியது.

அக்காவின் கடைசி மாதங்களில் ரத்தம் கொடுத்தவர்களுக்கும், மாமாவுக்கும் மகளுக்கும் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், ஆஸ்பத்திரிச் செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தையல் கம்பெனி சூப்பர்வைசருக்கும், இன்றும் மாதம் ஒருமுறை பள்ளி வாசலில் வேனை நிறுத்தும் ஓட்டுநருக்கும் நன்றி. ஏழேகால் பேருந்தில் போகும் தலைமையாசிரியை அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. கணக்கு நோட்டைக் கேட்காமலே கொண்டுவந்து காட்டுகிறாள்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் மாமாவையும் சரசுவையும் உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டினேன். சரசு இரண்டு இடங்களை அடிக்கச் சொன்னார். இரண்டும் நான் அக்காவைப் புகழ்ந்திருந்த இடங்கள். அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
தம்பி