மடியில் கிடந்த நீலச் சீலை

நேற்று யாழ்ப்பாண பஸ் நிலையத்தடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெடியனும் பெட்டையும் முதுகில் பெரிய பைகளோடு வந்து நின்றார்கள். கடைக்காரர் "பிளேன்ரீயோ?" என்று கேட்க, அந்தப் பெட்டை சிரித்தபடி "ஓம்" என்றது. எங்கே பொறுக்கியதோ, 'ஆமா'வுக்கு நாங்கள் சொல்லும் அந்தச் சொல்லை. கடையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் முகம் சுட்டது. ஏனென்று உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

நானும் என் மனைவி திரேசாவும் ஒருகாலம் இப்படித்தான் பை தூக்கித் திரிந்தோம். நம்புங்கள். நான் குருநகரில் கடற்தொழில் செய்தவன், பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் ஒதுங்காதவன். திரேசா தையல்கடைக் கலண்டரில் தாஜ்மகாலைக் கண்டுவிட்டு, "அதை ஒருக்கா நேரிலை பாக்கவேணுமப்பா" என்று ஒரே பிடியில் நின்றாள். ஊரில் கேட்டவர்களுக்கு வேளாங்கண்ணி நேர்த்தி என்று சொன்னோம். முழுப்பொய்யும் இல்லை, போகிற வழியில் மாதாவையும் கும்பிட்டோம்தான். தோணியின் பழைய பாய்ச்சீலையில் நானே ஒரு முதுகுப்பை தைத்தேன். உள்ளே ஒரு கருவாட்டுப் பார்சல். அதன் மணத்தால் எந்த ரயில் நெரிசலிலும் எங்களைச் சுற்றிக் கொஞ்சம் இடம் கிடைத்தது என்றால் பாருங்கள்!

எண்பத்துமூன்று ஆனியில் தலைமன்னாரில் ராமேஸ்வரத்துக்குக் கப்பலேறினோம். பிறகு ஸ்டேஷன் தரையில் படுக்கை, வாழைப்பழத்தில் சாப்பாடு. ஹிந்தியில் தெரிந்தது "பானி" ஒன்றுதான். அதை வைத்தே ஆக்ராவுக்குப் போய்ச் சேர்ந்தோம். தாஜ்மகாலுக்கு முன்னால் திரேசா செருப்பைக் கையில் பிடித்தபடி வெயில் சாயுமட்டும் நின்றாள். வெளியே வந்து, உள்ளங்கையளவு கல் தாஜ்மகால் ஒன்றை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நாங்கள் அப்படி வாய்பிளந்து திரிந்த நாட்களில்தான் ஆடிக் கலவரத்தில் கொழும்பில் எங்கள் சனத்தின் வீடுகள் எரிந்தன. எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

திரும்பும் ரயிலில் நின்றபடியே வந்தோம். விஜயவாடாவில் ஒரு தமிழ்க் குடும்பம் ஏறியது. அதில் ஒரு அம்மா திரேசாவின் வாடிய முகத்தைப் பார்த்து, "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றாள் திரேசா.

"ஓமா? ஐயோ, நீங்க சிலோனா?"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. "எந்திரிங்கப்பா, உயிர் தப்பி வந்திருக்காங்க!" ஒருவர் எழுந்து இடம் தந்தார். இன்னொருவர் இட்லிப் பொட்டலத்தை நீட்டினார். அவர்கள் பேசப் பேசத்தான் எங்கள் நாட்டில் நடந்தது எங்களுக்கே விளங்கியது.

"எப்படிண்ணே தப்பிச்சீங்க?"

திரேசா வாயெடுத்தாள். உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அவள் காலை மிதித்துவிட்டு, "கடலாலை வந்தனாங்கள்," என்றேன். கப்பலும் கடலால்தானே வந்தது! எனக்குக் கால் கடுத்துப்போயிருந்தது. அந்த இருக்கை அவ்வளவு சுகமாக இருந்தது.

அந்த அம்மா தன் பெட்டியைத் திறந்து, தங்கச்சிக்கென்று கொண்டுபோன நீலச் சுங்குடிச் சீலையை எடுத்துத் திரேசாவின் மடியில் வைத்தார். "மாத்திக் கட்ட வேணும்ல. பையில வச்சுக்கம்மா."

பையை எப்படித் திறப்பது? திறந்தால் மேலேயே தாஜ்மகால். திரேசா ஒரு கையால் பையின் வாயைப் பொத்திக்கொண்டு, மடியில் சீலையோடு மெட்ராஸ் வரைக்கும் அசையாமல் இருந்தாள்.

"பாவம், மிஞ்சுனது அந்தப் பை மட்டுந்தான் போல. விடமாட்டேங்குது பாருங்க," என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும் திரேசா ஒன்றுதான் சொன்னாள். "வீடெரிஞ்ச சனத்தின்ரை சாப்பாட்டைத் திண்டிட்டமப்பா."

ஊருக்கு வந்தபின் தாஜ்மகால் மாதா படத்துக்குக் கீழே சுவர்த்தட்டில் ஏறியது. சீலை பெட்டிக்குள் போனது. பெருநாள், கலியாணவீடு என்று எத்தனை வந்தன! கட்டச் சொன்னால், "அது எங்களுக்குத் தந்ததில்லை" என்பாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி நெருங்கிவர, முழு யாழ்ப்பாணமும் எழும்பி நடக்கவேண்டி வந்தது. மழை வேறு. அதே பாய்ச்சீலைப் பைக்குள் அரிசியையும் சட்டியையும் அடைத்துக்கொண்டு, "கெதியா வா!" என்று நான் வாசலில் நின்று கத்துகிறேன். அவள் அந்த நீலச் சீலையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"விசரே உனக்கு? உந்தச் சீலையை இப்பவோ கட்டுறது?"

"இப்பதான் கட்டலாம். வாங்கோ."

தாஜ்மகாலை எடுக்கக் கையை நீட்டினேன். "அது கிடக்கட்டும்," என்றாள்.

நாவற்குழிப் பாலத்தைச் சனத்தோடு சனமாகக் கடந்து, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தோம். செம்பில் தண்ணியோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்: "யாழ்ப்பாணத்திலையிருந்தோ வாறியள்?"

திரேசா நிமிர்ந்து பார்த்து "ஓம்" என்றாள். செம்பை இரண்டு கையாலும் வாங்கினாள்.

திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை, தட்டில்லை, தாஜ்மகாலும் இல்லை. தலைமன்னார்க் கப்பல் எப்போதோ நின்றுபோயிருந்தது. நீலச் சீலை அந்த அலைச்சலிலேயே நைந்து போயிற்று. இப்போது திரேசாவும் இல்லை. சீலை தந்த அந்த அம்மாவுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். திரேசா கேட்கத்தான் பார்த்தாள். பெயரைக் கேட்டால் பேச்சு வளருமென்று அதற்கும் அவள் காலை மிதித்தவன் நான்.