நன்றி, அடுத்து தேசிய கீதம்

எங்கள் பள்ளியில் காலைப் பிரார்த்தனையில் தினம் ஒருவர் செய்தி வாசிக்க வேண்டும். உலகச் செய்தி, நாட்டுச் செய்தி, கடைசியில் வட்டாரச் செய்தி. முடிந்ததும் தலைமையாசிரியர் "நன்றி, அடுத்து தேசிய கீதம்" என்பார். எல்லோரும் விறைப்பாக நிற்போம். மழையானாலும் வெயிலானாலும் இது மாறாது.

எண்பதுகளின் நடுவில், ப்ளஸ் டூ படிக்கையில் என் முறை வந்தது. அன்று பேப்பரில் தர்மபுரியைப் பற்றி ஒன்றுமில்லை. நானே ஒன்று சேர்த்துக்கொண்டேன்: "நம் பள்ளியில் பெண்கள் கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. மாணவிகள் சோளக்காட்டுக்குப் போகிறார்கள்." தலைமையாசிரியர் வழக்கம்போல நன்றி சொன்னார். தேசிய கீதமும் பாடியாயிற்று. மத்தியானம்தான் அவருக்கு உறைத்தது. சாயங்காலம் என் கையில் டி.சி.

மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அம்மாவுக்கு என்னைவிட. அதியமான்கோட்டையில் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அப்பாவைக் கையோடு கூட்டிப்போய் வக்கீலைப் பிடித்தாள். ஆனாலும் பரீட்சை நெருங்கிவிட்டது. இந்த வருஷம் போனால் அடுத்த வருஷம் வீட்டில் கல்யாணப் பேச்சுதான்.

கோர்ட்டில் பள்ளியின் வக்கீல், அது செய்தியே அல்ல, ஒழுங்கீனம் என்றார். பள்ளிக்குள் யார் என்ன பேசலாம் என்பது தலைமையாசிரியர் முடிவு என்றார். உள்ளதைச் சொன்னதற்குத் தண்டனையா என்று கேட்டார் எங்கள் வக்கீல். நீதிபதி என்னைக் கூப்பிட்டு, அன்று வாசித்ததை வாசிக்கச் சொன்னார். உலகச் செய்தி மறந்தே போயிருந்தது. வட்டாரச் செய்தியை மட்டும் கணீரென்று சொல்லி முடித்தேன்.

எதிரே நின்ற தலைமையாசிரியர், பழக்கதோஷம், "நன்றி, அடுத்து தேசிய கீதம்" என்றார். அவருடன் வந்திருந்த வாத்தியார்கள் சட்டென்று எழுந்து விறைத்து நின்றார்கள். அவர்களைப் பார்த்து என் அப்பாவும் எழுந்துகொண்டார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செய்தின்னு நீங்களே நன்றி சொல்லிட்டீங்களே சார்," என்றார். வழக்கு முடியும்வரை என்னை வகுப்பில் உட்காரவைத்து, பரீட்சையும் எழுதவிட வேண்டும் என்று உத்தரவானது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. வெளியே வந்ததும், என்னை நாளைக்கே அனுப்பச் சொன்னார். அம்மா விடவில்லை.

"புள்ளைய அனுப்பறேனுங்க. அந்தப் பூட்ட என்ன பண்ணப் போறீங்க?"

மறுநாள் வகுப்புக்கு முன்னால் கழிப்பறைக்குத்தான் போனேன். பூட்டைக் காணோம். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அவசரம் எதுவும் இல்லாமலே கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே வந்தால், பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள்.