மிச்சமிருந்த ஒரு ஜோடி

கிள்ளான் துறைமுகத்திலிருந்து சிறு தீவுகளைச் சுற்றிக்காட்டும் படகில் சில மாதம் கையாளாக இருந்தேன். அதில் ஒருநாள் பயணியாக ஓர் அக்கா வந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் வாசலில் திருவிழா நாட்களில் செருப்புகளைப் பார்த்துக்கொள்பவராம். ஒல்லியான உடம்பு, குனிந்தே பழகிய கழுத்து. கடல் வற்றும்போது மட்டும் தெரியும் மணல்திட்டில் எல்லோரும் வெறுங்காலோடு இறங்கினார்கள். அவர் மட்டும் படகிலேயே இருந்து, சிதறிக் கிடந்த செருப்புகளை யாரும் கேட்காமலே ஜோடி சேர்த்து அடுக்கினார்.

நீர் ஏறத் தொடங்கியதும் ஆட்கள் முண்டியடித்து ஏறி, அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். நான் தலைகளை எண்ணி, "எல்லாரும் வந்தாச்சு பாஸ்" என்றேன். படகோட்டி இயந்திரத்தை முடுக்கினார்.

"எடுக்காதீங்க. ஒரு ஜோடி மிச்சம் இருக்கு" என்றார் அக்கா.

"யாராச்சும் ரெண்டு ஜோடி கொண்டு வந்திருப்பாங்க லா. அலை பெருசாகுது ஆன்டி. செருப்புக்காக எல்லாரும் முழுகணுமா?" என்றார் படகோட்டி.

அக்கா கட்டுக்கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார். "இதப் போட்டிருந்த கால் இன்னும் ஏறல பாஸ்."

நான் குதித்து ஓடினேன். திட்டின் மறுகோடிச் சேற்றில் முழங்கால்வரை புதைந்து ஒரு பெரியவர் கத்திக்கொண்டிருந்தார். இயந்திரச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. அவரை இழுத்துக்கொண்டு திரும்பும்போது தண்ணீர் என் இடுப்புக்கு வந்துவிட்டது.

படகு கிளம்பிய பிறகுதான் அக்காவின் கைகள் நடுங்குவதைப் பார்த்தேன்.

"நான் சொன்னது தப்பா இருந்திருந்தா என்னா ஆயிருக்கும் தம்பி?" என்றார்.

தலைகளைத் தப்பாக எண்ணியவன் நான். எனக்குக் கை நடுங்கவே இல்லை. அதை இன்றும் யோசிக்கிறேன்.