ஆறு வருடம் கேட்காத குருவி

என் தங்கைக்குச் சின்ன வயதில் பாம்புக்காது என்று பட்டப்பெயர். மூன்று வீடு தள்ளி யாராவது மிட்டாய்த் தாளைப் பிரித்தால் எழுந்து ஓடுவாள். அந்தக் காதை வைத்துத்தான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறாள். ஏரிக்கரையில் இருக்கும் இயற்கை மையத்தில் பறவை, தவளை, தட்டான் எல்லாவற்றையும் பருவத்துக்குப் பருவம் கணக்கெடுப்பவள் அவள். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் சுற்றிக் காட்டிச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். நான் எட்டாவதோடு தையல் மிஷினில் உட்கார்ந்தவள். ஆனாலும் அவளுடைய இருபத்திரண்டு நோட்டுகளுக்கும் துணி அட்டை தைத்துப் போட்டது நான்தான். அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அந்த நோட்டுகளில் அடித்தல் திருத்தல் கிடையாது. முதல் வாத்து என்று இறங்கியது, தவளைச் சத்தம் என்று ஓய்ந்தது, எல்லாம் தேதியோடு இருக்கும். என் தையலில்கூட அவ்வளவு நேர்த்தி இல்லை.

இந்த வருடம் அவளுக்கு ரொம்ப அலுத்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட உதவியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. முழங்கால் வலி வேறு. ஒரு நாளைக்கு இரண்டு பள்ளிப் பேருந்து வரும். "மிஸ், முதலை இருக்கா?" "மிஸ், பாத்ரூம் எங்க?" சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஷூவைக்கூடக் கழற்றாமல் அரை மணி நேரம் நாற்காலியில் கிடப்பாள். நான்தான் குனிந்து நாடாவை அவிழ்ப்பேன்.

"விடியக்காலை பறவை எண்ணுற ரவுண்டுக்கு நான் வர்றேன். உன் ஸ்டூலை யாரு தூக்குறது?" என்றேன்.

"உனக்கு எதுக்குக்கா இந்த வேலை?"

"தைக்கிற துணி ஓடிப் போயிடாதுடி. நட."

குளிர் முடிகிற மாதம் அது. ஏரியின் மேற்குக் கரை முழுக்க நாணல். அதற்குள் ஒரு சின்னக் கதிர்க்குருவி ஒளிந்து வாழ்கிறது. கண்ணில் படவே படாது. குரல் ஊசி மாதிரி மெல்லியது என்பதால் மையத்தில் அதற்கு ஊசி என்று பெயர். கரை நெடுக எண் போட்ட பன்னிரண்டு மரக்கட்டைகள் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டையிலும் ஐந்து நிமிடம் நின்று, எத்தனை குரல் கேட்கிறது என்று எழுத வேண்டும். ஏழு வருடத்துக்கு முன்னால் இருபத்தெட்டு. பிறகு பதினேழு, ஒன்பது, நான்கு. கடைசி மூன்று வருடமும் பூஜ்யம். கண்காட்சி அறையில் 'நம்மை விட்டுப் போன பறவை' என்று பலகையே வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதற்குக் கடிதம் எழுதி ஒட்டியிருந்தார்கள். 'அன்புள்ள ஊசி, திரும்பி வா, நாங்கள் சத்தம் போட மாட்டோம்.'

மூன்றாவது கட்டையில் நின்றபோது நாணலுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நூல் கோக்காத தையல் மிஷின் தூரத்தில் ஓடுகிற மாதிரி. ஏதோ பூச்சி என்று நினைத்தேன். தங்கை பூஜ்யம் எழுதினாள். ஐந்தாவது கட்டையில் மறுபடி அதே சத்தம்.

"ஏண்டி, ஊசி எப்படித்தான் கத்தும்?"

"உன் மிஷினை நூல் இல்லாம ஓட்டினா எப்படி இருக்கும்? அச்சு அசல் அதுதான்."

அதே சத்தம்தான் எனக்குக் கேட்டது. அவளைவிட ஏழு வயது மூத்தவள் நான். பேச்சு கேட்டது; இந்த மாதிரி மெல்லிய சத்தத்துக்குத்தான் காது போயிருந்தது அவளுக்கு.

அடுத்த மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. இடது பையில் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு போனேன். ஒரு குரலுக்கு ஒரு பொத்தானை வலது பைக்கு மாற்றினேன். மூன்று நாளும் பதினான்கு. அவள் நோட்டில் மூன்று நாளும் பூஜ்யம். இருபத்திரண்டு வருடப் பெயர் அது. அதை என் வாயால் கெடுப்பதா என்று கிடந்து தவித்தேன்.

நான்காம் நாள் கிளம்பும்போது அவளே சொன்னாள். "இன்னிக்கு மேலாளர்கிட்ட ஒரு கையெழுத்துப் போடணும். நாணலை வெட்டிட்டுப் பிள்ளைங்க உக்கார மேடை கட்டப் போறாங்க. ஊசிதான் இல்லையே, நாணல் எதுக்குன்னு கேக்குறாரு."

மூன்றாவது கட்டையில் அவள் கையைப் பிடித்தேன். "எழுதாதேடி. கத்துது."

"எது?"

"ஊசி. மூணு நாளா கேட்டுட்டு இருக்கேன். உனக்குத்தான் கேக்கல."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். பைனாகுலரைத்தான் எடுத்தாள். "எந்தப் பக்கம்னு கை காட்டு. ஆரம்பிச்சா கையைத் தூக்கு, நிறுத்தினா இறக்கு."

தூக்கினேன், இறக்கினேன். தூக்கினேன், இறக்கினேன். தோள் கடுத்துவிட்டது. வெயில் ஏறியபோது, சாய்ந்த ஒரு நாணல் தண்டில் அவள் அதைக் கண்டுபிடித்தாள்.

"வாய் திறந்திருக்குக்கா," என்றாள். "தொண்டை ஆடுது. வாலும் ஆடுது." பைனாகுலரை இறக்கவே இல்லை. "சத்தம் மட்டும் வரல."

மேலாளர் அறையில் நானும் நின்றேன். நல்ல மனிதர்தான், ஆனால் ஆடிப்போய்விட்டார். "ஆறு வருஷ அறிக்கை மேல போயிருக்கு மேடம். இப்பப் போய் தப்புன்னு சொன்னா உங்க மத்த கணக்கை யாரு நம்புவா? ஒரு வார்த்தை, இந்த வருஷம் திரும்பி வந்துடுச்சுன்னு போட்டுட்டா போச்சு. பிள்ளைங்களும் சந்தோஷப்படும்."

"அது எங்கயும் போகல சார், திரும்பி வர்றதுக்கு. போனது என் காது."

கையெழுத்துப் போடவில்லை. ஆறு நோட்டையும் எடுத்து மேசையில் வைத்தாள். ஊசியின் எண்கள் மேல் சிவப்பு மையில் ஒற்றைக் கோடு. பக்கத்தில், 'கேட்பவர் காது பழுது. கணக்கு செல்லாது.' அந்த நோட்டுகளில் நான் பார்த்த முதல் அடித்தல் அதுதான். என் துணி அட்டைக்குள் அந்தச் சிவப்பைப் பார்க்க எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் அழவில்லை. அதற்கும் தெம்பில்லை.

மேடையை நிறுத்தி வைத்தார்கள். கணக்கெடுப்பிலிருந்து அவளையும் நிறுத்தி வைத்தார்கள்.

மறுநாள் வந்த பள்ளிப் பிள்ளைகளிடம் அவளே பலகைக்கு முன்னால் நின்று சொன்னாள். "இது தப்பு. ஊசி இங்கதான் இருக்கு. எனக்குக் காது கேக்காததால இல்லைன்னு எழுதிட்டேன்."

முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள். "அப்ப அந்த லெட்டரை எல்லாம் அது படிச்சுதா மிஸ்?"

"அதுக்குப் படிக்க வராதும்மா. எனக்குக் காது, அதுக்குப் படிப்பு. ரெண்டு பேருக்கும் ஒவ்வொண்ணு குறைச்சல்."

பேருந்தில் திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். "பதினாலு சரியா எண்ணுனியா?"

"பொத்தான் பொய் சொல்லாதுடி."

"இருபத்தெட்டு இருந்தது. நிஜமாவே பாதி போயிருக்கு. எந்த வருஷம் போச்சு, எதனால போச்சுன்னு இனி யாருக்கும் தெரியாது. ஆறு வருஷம் நான் அங்கதான் நின்னேன்க்கா."

அவள் காலைத் தூக்கி என் மடியில் வைத்து, ஷூ நாடாவை அங்கேயே அவிழ்த்துவிட்டேன்.