செம்போத்து நடந்த புழக்கடை

என் படிப்பறைச் சாளரத்தின் கீழே, இரு கைகளாலும் தூக்க வேண்டிய அளவில், சிமெண்டுத் தளத்தின் உடைந்த துண்டு ஒன்று கிடக்கிறது. வீடு பெருக்க வருகிற அம்மையார் அதை வெளியே போட்டுவிடலாமா என்று பலமுறை கேட்டுவிட்டார். குனிந்து பார்த்தால்தான் தெரியும்: அதன்மேல் ஒரு பறவை நடந்து சென்றிருக்கிறது. முன்புறம் இரண்டு விரல், பின்புறம் இரண்டு விரல், செம்போத்தின் கால்தடம். என் அண்ணியாரை எண்ணும்போதெல்லாம் அவர் முகத்திற்கு முன்னதாக இந்தத் தடமே மனக்கண்ணில் எழுகிறது.

பென்னாகரத்துக்கு அப்பால், காட்டை ஒட்டிய சிற்றூரில் பிறந்தவர் அண்ணியார். என் தமையனார் மொரப்பூர் தொடர்வண்டி நிலையத்தில் பணியாற்றினார். எண்பதுகளின் தொடக்கத்தில் மணமாகி வந்த அண்ணியாருக்கு, நிலையத்தை அடுத்த அந்த வீட்டில் விடியற்பொழுதைத் தவிர எல்லாம் பிடித்திருந்தது. "ஒரு சத்தமும் இல்லாம எப்பிடிங்க விடியும் இங்க?" என்று வந்த புதிதில் கணவரைக் கேட்டாராம். "ஏன், ரயிலு கூவறது காதுல வுழுவலையா?" என்று அவர் சிரித்தாராம். புழக்கடையில் அப்போது செம்மண்ணும் ஒரு முருங்கையும் துவைகல்லும் மட்டுமே இருந்தன. காக்கையும் சிட்டுக்குருவியும் வந்து போயின.

அண்ணியார் முதலில் நொய்யரிசியும் கம்பும் இறைத்தார். மீண்டும் அதே காக்கையும் சிட்டுமே வந்தன. துணைக்கு மைனாக்கள் சில சேர்ந்துகொண்டன. காட்டோரத்தில் யாரும் பறவைக்கு இரை இட்டதில்லையே என்பது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இறைப்பதை விட்டார், உதிர்ந்த இலைகளைக் கூட்டுவதையும் விட்டார். சருகு மட்கி அதனடியில் புழு பூச்சி பெருகியதும் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து கிளறின. வேலியில் தானாக முளைத்த உன்னிச்செடியை வெட்டாமல் விட்டார். பழத்துக்குக் கொண்டைக்குருவியும் பூவுக்குத் தேன்சிட்டும் வந்தன. முருங்கை பட்டுப்போனபோது அப்படியே நிற்கவிட்டார்; மரங்கொத்தி ஒன்று அதைத் தட்டிப் பார்த்தது. நீர் நிறைத்த அகன்ற மண்தட்டுக்கு மேலே, அடியில் துளையிட்ட பானையைத் தொங்கவிட்டார். சொட்டும் ஓசை கேட்டு, எங்களுக்குப் பெயர் தெரியாத பறவைகள்கூட இறங்கிக் குளித்தன. "போட்டா வர்றது கொஞ்சந்தான் தம்பி, வுட்டா வர்றதுதான் நெறய" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். பிள்ளையில்லாக் குறைக்குப் பறவை வளர்க்கிறாள் என்று ஊரார் பேசினர். அவர் எதையும் வளர்க்கவில்லை. எதையும் தடுக்காமல் இருந்தார்.

தமையனாருக்கு அது உறுத்தலாக இருந்தது. நடைமேடையோரக் கற்களுக்கு வெள்ளையடித்து, சரளைக் கற்களையும் வரி பிசகாமல் நிறுத்தும் துறையில் ஊறியவர் அவர். அண்டைவீட்டு அம்மாளோ சுவருக்கு மேலாகத் தலைநீட்டி, "ஏம்மா, பாம்புக்கு வூடு கட்டிக் குடுத்துட்டு நீ எங்க குடி போவப்போற?" என்பார். "வந்துச்சுன்னா ஒங்க வூட்டுக்கு வழி சொல்லி அனுப்பறேங்க்கா" என்று அண்ணியார் உள்ளிருந்தே விடை கொடுப்பார். தமையனாருக்குச் சிரிப்பும் சினமும் ஒருங்கே வரும். ஆயினும் அவர் எதிலும் கை வைத்ததில்லை. செம்போத்து முதன்முதலாக வந்த நாளில், மனைவியின் சைகைக்குக் கட்டுப்பட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவின் பின்னே மூச்சடக்கி நின்றவரும் அவரே. அடர்ந்த மறைவில்லாத இடத்துக்கு அப்பறவை வாராது. வேலிப் புதரின் அடியிலிருந்து, செம்பு நிறச் சிறகும் செந்நிற விழியுமாக வெளிப்பட்டு, அடிமேல் அடி வைத்து நடந்து, மண்தட்டில் நீர் அருந்தி மறைந்தது. "இத்தன வருசமா கூச்சப்பட்டுக்கிட்டு இருந்துச்சு. இப்பத்தான் நம்ம வூட்ட நம்பியிருக்குது" என்றாராம் அண்ணியார்.

இளமையில் வந்த மூட்டுக் காய்ச்சல் அண்ணியாரின் இதயத்தைப் பழுதாக்கியிருந்தது. எண்பதுகளின் நடுவில் மூச்சுத்திணறல் தொடங்கவே, சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவை மருத்துவத்தை உடல் தாங்காது என்றனர் மருத்துவர்கள். தூசி கூடாது, இடறி விழக் கூடாது, காலையில் சமதரையில் சிறிது நடக்கட்டும் என்று சொல்லி, வீட்டுக்கு அனுப்ப நாள் குறித்தனர். அண்ணியாரின் தங்கை உடனிருக்க, தமையனார் வேலைக்கும் மருத்துவமனைக்குமாக வண்டியேறி அலைந்தார். அவ்வலைச்சலுக்கிடையே தம் மனைவிக்கென ஒன்று செய்தார். வேலிப் புதரை வெட்டினார். பட்ட முருங்கையைச் சாய்த்தார். சருகைக் கூட்டிக் கொளுத்தினார். மண்தட்டை அகற்றி, புழக்கடை முழுதும் சிமெண்டுத் தளம் இடுவித்து, ஓரக் கற்களுக்குத் தம் கையாலேயே வெள்ளையடித்தார். நோயாளி திரும்புமுன் வீட்டைத் துப்புரவாக்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்; அவர் அன்பு அவ்வழக்கத்தையும் கடந்துவிட்டது. "இப்பத்தாம்பா இது வூடு" என்று அண்டைவீட்டு அம்மாள் வாழ்த்தினார்.

அண்ணியார் திரும்பிய நாளில் நானும் உடனிருந்தேன். தமையனார் அவரைக் கைத்தாங்கலாகப் பின்கதவு வரை அழைத்துச் சென்று, கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவனின் முகம் அவருக்கு. அண்ணியார் வெயிலில் மின்னிய தளத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்தார். "நல்லா இருக்குதுங்க" என்றார். "பிளாட்பாரம் மாதிரியே போட்டிருக்கீங்க. ரயிலு எப்பங்க வரும்?" நாங்கள் எல்லாரும் சிரித்தோம். தமையனாரே உரக்கச் சிரித்தவர்.

காலைதோறும் அவர் அங்கே நாற்காலி இட, அண்ணியார் அமர்ந்திருப்பார். சுவரின்மேல் காக்கை இருக்கும். ஒரு நாள் அண்ணியார் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் அமர்ந்து, விரலால் எதையோ தடவிக்கொண்டிருப்பதைத் தமையனார் கண்டார். கொத்தனார் பூசிவிட்டுப் போன ஈரத்தை ஏதோ மிதித்துக் கெடுத்துவிட்டது என்று தமையனார் முன்பே சலித்துக்கொண்ட தடங்கள் அவை. "செம்போத்துங்க" என்றார் அண்ணியார். "தட்டு இருந்த எடம் வரைக்கும் வந்திருக்குது. இங்க நின்னு சுத்திப் பாத்திருக்குது. அப்புறம் திரும்பிப் போயிருக்குது, பாருங்க." வீட்டில் ஆளில்லாதபோது வந்துபோன விருந்தினரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாராம். குறை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று தமையனார் பின்னாளில் என்னிடம் கூறினார்.

அன்று பகலிலேயே கடப்பாரை எடுத்தார். "வேணாங்க, ஆசையாப் போட்டது" என்று அண்ணியார் தடுத்தும் கேட்கவில்லை. இடிக்கும் ஓசை கட்டிலில் கிடந்தவரை வருத்துகிறது என்று உணர்ந்ததும், கடப்பாரையைப் போட்டுவிட்டுச் சிற்றுளியால் சிறிது சிறிதாகப் பெயர்த்தார். சாலையோரத்து உன்னிச்செடியை வேரோடு கொணர்ந்து நட்டார். நிலையத்து வேப்பமரத்தடிச் சருகை மூட்டையாகச் சுமந்து வந்து பரப்பினார். பானை மீண்டும் சொட்டியது. ஆயினும் மழை பொய்த்த ஆண்டு அது. "எதாச்சும் வந்துச்சாங்க?" என்று அண்ணியார் கட்டிலிலிருந்தே கேட்பார். "வந்துச்சு, தவிட்டுக்குருவி வந்துச்சு" என்பார் தமையனார். "பொய்யி. அதுங்க வந்தா ஊருக்கே கேக்குமே" என்று அண்ணியார் சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஒரு காலையில் நின்றது. உன்னிச்செடி அப்போதுதான் துளிர்க்கத் தொடங்கியிருந்தது.

பின்வந்த ஆண்டுகளில் புதர் மண்டியது. தவிட்டுக்குருவி, தேன்சிட்டு, கொண்டைக்குருவி என்று ஒவ்வொன்றாகத் திரும்பின. "அண்ணே, எல்லாம் வந்துடுச்சு" என்று ஒருமுறை மகிழ்ந்து சொன்னேன். "யாருக்கு?" என்றார். அப்போது புதருக்குள்ளிருந்து செம்போத்தின் ஆழ்ந்த குரல் எழுந்தது. தமையனார் எழுந்து சென்று பின்கதவைச் சாத்தினார். இறுதிவரை அந்தக் கதவை அவர் திறந்து வைத்ததில்லை. அந்தப் புதரில் ஓர் இலையை வெட்டவிட்டதுமில்லை. தளத்தைப் பெயர்த்தபோது எடுத்து வைத்திருந்த இந்தத் துண்டைத் தம் முதுமையில் என்னிடம் கொடுத்தார். "என் கண்ணு முன்னால வேணாம்ப்பா. தூக்கிப் போட்டுடாத."

அவரும் மறைந்துவிட்டார். பெருக்க வந்த அம்மையாரிடம் இன்று காலையும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, குனிந்து இதைப் பார்த்தேன். புதர் இருந்த பக்கத்திலிருந்து தட்டு இருந்த இடம் நோக்கி வந்த அடிகள் மட்டுமே இதில் உள்ளன. திரும்பிச் சென்ற அடிகள் இருந்த பகுதியைத் தமையனார் வெட்டி நீக்கிவிட்டார். உளி பிடித்துப் பழகாத கை. ஆயினும் வெட்டிய விளிம்பு நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கிறது.